நீலப் பம்பும் நோன்பும்: முட்டு வருத்தத்துக்கு இன்றைய வைத்தியம்

ஒரு றமழானின் ஒன்பதாவது நோன்பு. இஷாத் தொழுகைக்கு ஆட்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். கிழக்குக் கரையில் நான் கடமையாற்றிய வைத்தியசாலைக்குப் பதினான்கு வயதுப் பையன் ஒருவனை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றியிருந்தான். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல அவனால் முடியவில்லை. கழுத்துக் குழி உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது.

ஒட்சிசன், நெபுலைசர், ஸ்டீரொயிட் எல்லாம் கொடுத்து, பையன் ஓரளவு தேறிய பிறகு தாயிடம் கேட்டேன், என்ன மருந்து பாவித்தான் என்று. அந்த உம்மா கைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து மேசையில் கொட்டினார். நான்கு நீலப் பம்ப், நான்கும் வெறுமை. அவற்றோடு கிளினிக்கில் கொடுத்த கெப்சூல் போத்தல் ஒன்று. அது அப்படியே நிறைந்திருந்தது.

“நோன்பு தொடங்கினதோட கெப்சூல நிப்பாட்டிட்டம் டொக்டர். நோன்பு முறியுமாம் எண்டு சொன்னாங்க. அதோட அது அடிச்சாலும் ஒண்டும் தெரியிறல்ல. நீலப் பம்ப்தான் கேக்கிற. நோன்பு துறந்தாப்போல அத அடிக்கிறவன்.”

அந்தத் தாய் சொன்னதில் மூன்று விடயங்கள் இருந்தன. ஒன்று மார்க்கம் சார்ந்தது; ஒன்று மருந்தைப் பற்றிய பயம்; மற்றது, உடனே சுகம் தருவதுதான் மருந்து என்ற நம்பிக்கை. நான் பார்த்த முட்டு நோயாளிகளில் பெரும்பாலோரின் கஷ்டம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். எல்லோரும் பிழைப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழாய்க்குள் நடப்பது

நாங்கள் முட்டு என்றும், யாழ்ப்பாணத்தார் தொய்வு என்றும், பழைய வைத்தியர்கள் ஈழை, இழுப்பு என்றும் சொல்வது ஒரே வருத்தத்தைத்தான். நுரையீரலுக்குள் காற்றுப் போகும் சிறு குழாய்களில் மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்தோல் வீங்குகிறது. உள்ளே பசைபோன்ற சளி சுரக்கிறது. காற்றை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதுதான் கடினமாகிறது. விசில் சத்தம் வருவது அதனால்தான்.

தசை இறுகுவது நிமிடக் கணக்கில் நடந்து நிமிடக் கணக்கில் தளரக்கூடியது. வீக்கம் அப்படியல்ல. அது ஓர் அழற்சி. வெளியில் எந்த அறிகுறியும் இல்லாத நாட்களிலும் உள்ளே புகைந்துகொண்டிருக்கும். பலருக்கு அதற்கு அடித்தளம் ஒவ்வாமை. வீட்டுத் தூசியிலுள்ள நுண்ணிய உண்ணி, பூனையின் தோற்செதில், கரப்பான் எச்சம் போன்றவற்றை எதிரி என்று உடல் தப்பாக எடுத்துக்கொண்டு, ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைக்கிறது. மறுபடி அதே பொருள் உள்ளே வந்ததும் ஹிஸ்டமின் முதலான இரசாயனங்கள் வெளியாகின்றன. மூக்கில் நடந்தால் தும்மலும் நீர்வடிதலும், தோலில் நடந்தால் தடிப்பும் அரிப்பும், நுரையீரலில் நடந்தால் முட்டும் வரும். இதனால்தான் ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கரப்பனும், இன்னொன்றுக்குக் காலைத் தும்மலும், மூன்றாவதுக்கு முட்டும் இருக்கக் காண்கிறோம்.

நீலப் பம்பிலுள்ள சல்பியூட்டமோல் தசையைத் தளர்த்தும். ஐந்து நிமிடத்தில் சுகம் தெரியும். நான்கு முதல் ஆறு மணித்தியாலம் நிற்கும். ஆனால் வீக்கத்துக்கு அது எதுவும் செய்யாது. ஓடு உடைந்து ஒழுகும் வீட்டில் வாளி வைப்பது போன்றது அது. வாளி வேண்டும்தான், வைக்காவிட்டால் பாய் நனைந்துவிடும். ஆனால் நாலு வருடமாக வாளியை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தால், ஒருநாள் முகடே இறங்கிவிடும். ஓட்டை மாற்றும் வேலையைச் செய்வது மூச்சோடு இழுக்கும் ஸ்டீரொயிட் மருந்து. பெக்லோமெத்தசோன், பியூடெசொனைட், புளூட்டிகசோன் என்பன அந்த வகை. அதன் பலன் தெரிய நாட்கள், சில வேளை வாரங்கள் செல்லும். “அடிச்சாலும் ஒண்டும் தெரியிறல்ல” என்று அந்த உம்மா சொன்னது பொய்யல்ல. அந்த மருந்தின் சுபாவமே அதுதான்.

ராஸியிலிருந்து இன்று வரை

இந்த வருத்தத்தோடு எங்கள் முன்னோர்களுக்கு நீண்ட பரிச்சயம் உண்டு. ஏறத்தாழ பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூ பக்ர் அர்-ராஸி, வசந்தத்தில் ரோஜாக்கள் மணம் வீசும்போது அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீக்கு ஏற்பட்ட மூக்கடைப்பையும் நீர்வடிதலையும் பற்றித் தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். பருவகால ஒவ்வாமை பற்றிய மிகப் பழைய விவரணங்களுள் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதைக் கருதுகிறார்கள். பின்னர் கெய்ரோவில் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அரசவையோடு தொடர்புபட்டிருந்த யூத மருத்துவர் மூஸா இப்னு மைமூன், முட்டு நோய்க்கென்றே அரபியில் ஒரு நூல் எழுதினார். சுத்தமான காற்று, அளவான உணவு, நல்ல தூக்கம் என்பவற்றை அவர் வலியுறுத்தினார்.

எங்கள் பக்கத்தில் ஊமத்தம் இலையைக் காயவைத்துச் சுருட்டிப் புகை பிடிக்கும் வழக்கம் இருந்தது. அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பிரித்தானியாவுக்குப் போய், அங்கே ஆஸ்துமா சிகரெட் என்ற பெயரில் நூறு வருடத்துக்கும் மேலாக விற்கப்பட்டது. ஊமத்தையில் அத்ரோப்பின் வகைப் பொருட்கள் உண்டு; அவை மூச்சுக்குழாயை விரிக்கக்கூடியவை. இன்று நெபுலைசரில் சல்பியூட்டமோலோடு சேர்த்து ஊற்றும் இப்ரட்ரோப்பியம் அதே குடும்பத்தின் பாதுகாப்பான பிள்ளை. ஆனால் ஊமத்தை நஞ்சு. அளவு தப்பினால் புத்தி தடுமாறும், உயிரும் போகும். யாரும் அதைத் திரும்பவும் முயன்று பார்க்க வேண்டாம்.

எகிப்தில் வயிற்றுவலிக்கும் சிறுநீர்க் கல்லுக்கும் பாவித்த கெல்லா என்ற செடியின் விதைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. அதிலுள்ள பொருளை அடிப்படையாக வைத்து 1960களில் குரோமோகிளைகேட் என்ற மருந்தை உருவாக்கியவர் ரொஜர் அல்டூன்யான். சிரியாவில் பிறந்த ஆர்மேனிய வழி மருத்துவர். தானும் முட்டு நோயாளி. ஒவ்வாத பொருளைத் தானே மூச்சில் இழுத்து முட்டை வரவழைத்து, மருந்து கேட்கிறதா என்று தன் உடம்பிலேயே பரிசோதித்தார். கெப்சூலைத் துளைத்து, சுழலவைத்து, உள்ளிருக்கும் தூளை உறிஞ்சும் கருவியை வடிவமைத்தவரும் அவர்தான். எங்கள் கிளினிக்குகளில் இன்று கொடுக்கும் கெப்சூல் கருவிகளுக்கு அதுவே முன்னோடி.

சல்பியூட்டமோல் 1969இலும், மூச்சில் இழுக்கும் பெக்லோமெத்தசோன் 1972இலும் பாவனைக்கு வந்தன. கையாளத் தெரிந்தால் இந்த இரண்டும் போதும் பெரும்பாலானோருக்கு. ஆனால் உலகம் முழுக்க மக்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள்.

2019இல் மாறியது என்ன?

சுகம் தரும் பம்பை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்து புதிதாகத் தெரியவந்த ஒன்றல்ல. 1976இல் நியூசிலாந்தில் ஃபெனோட்டரோல் என்ற கடும் விரிப்பு மருந்து அறிமுகமானதும் அங்கே ஆஸ்துமா மரணங்கள் ஏறின. 1989இல் ஆய்வாளர்கள் தொடர்பைக் காட்டி, அதன் பாவனை கட்டுப்படுத்தப்பட்டதும் மரணங்கள் இறங்கின. 2014இல் பிரித்தானியாவில் 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். சுகம் தரும் பம்ப் எத்தனை எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற பதிவு கிடைத்தவர்களில் 39 வீதமானோர், இறப்பதற்கு முந்திய ஒரு வருடத்தில் 12க்கும் மேற்பட்ட பம்ப் பெற்றிருந்தார்கள். நீலப் பம்ப் தீரத் தீர வாங்கிக் கொண்டிருப்பது நோய் முற்றுகிறது என்பதற்கான எச்சரிக்கை. அதை யாரும் படிக்கவில்லை.

ஆஸ்துமாவுக்கான உலக முன்முயற்சி என்று ஓர் அமைப்பு உண்டு. கினா என்பார்கள். 1993இல் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் தேசிய நிறுவனமொன்றும் சேர்ந்து உருவாக்கியது. அது 2019இல் ஒரு பெரிய மாற்றத்தை அறிவித்தது. வளர்ந்தவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும், வருத்தம் எவ்வளவு இலேசாக இருந்தாலும், சல்பியூட்டமோலை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்பதே அது. ஐம்பது வருடப் பழக்கத்தைத் திருப்பிப்போட்ட முடிவு அது.

அப்படியென்றால் மூச்சு முட்டும்போது எதை அடிப்பது? ஃபோர்மொட்டரோல் என்ற மருந்து சல்பியூட்டமோலைப்போலவே விரைவாகத் தசையைத் தளர்த்தும். ஆனால் சுமார் 12 மணித்தியாலம் நிற்கும். அதையும் பியூடெசொனைட் போன்ற குறைந்தளவு ஸ்டீரொயிட்டையும் ஒரே பம்பில் சேர்த்திருக்கிறார்கள். முட்டும்போது அதை அடித்தால் சுகமும் கிடைக்கும், வீக்கத்துக்கான மருந்தும் கூடவே உள்ளே போகும். 2018இல் வெளிவந்த சிக்மா ஆய்வில், இலேசான ஆஸ்துமா உள்ளவர்கள் தேவைக்கு மட்டும் இந்தக் கூட்டுப் பம்பை அடித்தபோது, விரிப்பு மருந்தை மட்டும் அடித்தவர்களைவிடக் கடுமையான தாக்கங்கள் 64 வீதம் குறைந்தன. வருத்தம் கூடியவர்கள் அதே பம்பைக் காலையும் மாலையும் ஒழுங்காகவும், இடையில் தேவைக்கும் பாவிக்கலாம். ஒரே பம்ப், ஒரே முறை, குழப்பமில்லை.

அந்தக் கூட்டுப் பம்பை வாங்க வசதியில்லை என்போரும் உண்டு. அவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்ல. அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் பெக்லோமெத்தசோனை ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்டு, தேவைக்கு நீலப் பம்பை அடிக்கலாம். ஆனால் ஒழுங்காக எடுக்க வேண்டும். ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கும் இதுவே பெரும்பாலும் வழி. அதற்கும் கீழான வயதில் தீர்மானம் குழந்தை வைத்தியருடையது.

உங்கள் நிலைமையை நீங்களே அளக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு நீலப் பம்பில் 200 முறை அடிக்கலாம். வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ பம்ப் தீர்கிறதென்றால் கடும் தாக்கம் வரும் ஆபத்து கூடியிருக்கிறது. பன்னிரண்டோ அதற்கு மேலோ என்றால் மரண ஆபத்தும் கூடியிருக்கிறது. அந்தப் பையனின் பொலித்தீன் பையில் இருந்தவை நான்கு. அவை எவ்வளவு காலத்தில் தீர்ந்தன என்று தாயிடம் கேட்டேன். “நாலு மாசம் வரும்” என்றார்.

சல்பியூட்டமோல் குளிசை, பாணி மருந்து, தியோஃபிலின் குளிசை இவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பம்ப் என்றால் வெட்கம், குளிசை என்றால் பரவாயில்லை என்று பலர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். குறிப்பாகக் கலியாணம் பேசும் வயதிலுள்ள பெண்பிள்ளைகளின் வீட்டார். குளிசை இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்குப் போகிறது. நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் கூட, பலன் குறைவு. மொன்டிலுகாஸ்ட் குளிசை சிலருக்கு உதவும். ஆனால் மனநிலை மாற்றம், கெட்ட கனவு போன்ற பக்கவிளைவுகளுக்காக 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதற்குக் கடும் எச்சரிக்கை இட்டது. பிள்ளைக்குக் கொடுத்தால் அதன் போக்கைக் கவனியுங்கள்.

“ஸ்டீரொயிட் எண்டா பயம்”

இந்தப் பயத்தை நான் குறைகூறமாட்டேன். ஸ்டீரொயிட் குளிசையை மாதக்கணக்கில் தின்று முகம் வீங்கி, எலும்பு தேய்ந்து, சீனி வருத்தம் வந்தவர்களை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் இங்கே அளவைப் பார்க்க வேண்டும்.

கடும் முட்டு வந்தால் வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு 40 மில்லிகிராம் பிரட்னிசொலோன் வீதம் ஐந்து நாள் கொடுப்போம். மொத்தம் 200 மில்லிகிராம், அதாவது 2 இலட்சம் மைக்ரோகிராம். காலை 200, மாலை 200 என்று நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் பெக்லோமெத்தசோன் இழுக்கும் ஒருவர் அந்த எடையை எட்ட 500 நாட்கள் வேண்டும். இரண்டும் ஒரே மருந்தல்ல. ஆகவே எடையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் பாரம் கூடியது என்பது விளங்கும். பம்புக்குப் பயந்து அதை நிறுத்துகிறவர், வருடத்தில் மூன்று நான்கு தடவை குளிசை ஸ்டீரொயிட் எடுக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். பயந்ததைத்தான் கூடுதலாகத் தின்கிறார்.

மூச்சில் இழுக்கும் மருந்துக்குப் பக்கவிளைவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வாயில் வெண்படலம், குரல் கம்முதல் வரலாம். ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். நீண்டகாலம் பாவித்த பிள்ளைகளின் இறுதி உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கட்டுப்படாத முட்டும் வளர்ச்சியைப் பாதிக்கும். பாடசாலையையும் விளையாட்டையும் தூக்கத்தையும் பறிக்கும். ஒரு சென்டிமீட்டரை ஒரு பக்கமும் இவற்றை மறுபக்கமும் வைத்துப் பெற்றோர் தீர்மானிக்கட்டும்.

பழகினால் விடாது என்ற பேச்சும் உண்டு. பம்ப் போதைப்பொருளல்ல. இரண்டு மூன்று மாதம் வருத்தம் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் டொக்டரே அளவைக் குறைப்பார். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வருத்தம்தான்.

கையாளும் முறை

மருந்து சரியாக இருந்தும் வருத்தம் கேட்கவில்லையென்றால், அளவைக் கூட்டுமுன் முறையைப் பார்க்க வேண்டும். கெப்சூலை விழுங்கிவிட்டு வரும் நோயாளிகள் கொஞ்சப்பேரல்ல. கெப்சூல் என்றால் விழுங்குவதுதானே! அது விழுங்குவதற்கல்ல. கருவியில் போட்டு, துளைத்து அல்லது திருகி, மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து பலமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கெப்சூலின் உறை ஜெலட்டின் என்பதால் ஹலாலா என்று சிலர் கேட்கிறார்கள். உறை வயிற்றுக்குப் போவதில்லை. உள்ளிருக்கும் தூள்தான் நுரையீரலுக்குப் போகிறது. சில பம்புகளில் கரைப்பானாகச் சொற்ப எதனோல் உண்டு. இவை பற்றிய தீர்ப்பு உலமாக்களுக்குரியது. அவர்களிடம் இந்த விபரத்தோடு கேளுங்கள்.

அமுக்கும் பம்புக்கு முறை வேறு. நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கி, தொடர்ந்து இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கிக்கொள்ள வேண்டும். தூளுக்குப் பலமாக, பம்புக்கு மெதுவாக. இதை மாற்றிச் செய்கிறவர்களே அதிகம்.

பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஸ்பேசர் என்ற இடைக்கூடு வேண்டும். அதில்லாமல் அடித்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டி வயிற்றுக்குப் போய்விடும். வாங்க வசதியில்லாவிட்டால் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடிப்பக்கத்தில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டு, போத்தலின் வாய்வழியாக மூச்சு விடவைக்கலாம். தென்னாபிரிக்காவில் செய்யப்பட்டு 1999இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்தப் போத்தல் கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்கிறது என்று காட்டியது.

நோன்பும் பம்பும்

இனி அந்த உம்மா சொன்ன முதலாவது விடயத்துக்கு வருகிறேன். நோன்பு நேரத்தில் பம்ப் அடித்தால் நோன்பு முறியுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முறியாது என்று ஷெய்க் இப்னு பாஸ், ஷெய்க் இப்னு உஸைமீன் போன்றோர் தீர்ப்பளித்துள்ளார்கள். உடலின் உட்பகுதிக்குப் பொருள் போய்ச் சேருகிறது என்பதால் முறியும் என்போரும் உள்ளனர். வாயுவாக வருவதற்கும் தூளாக வருவதற்கும் வேறுபாடு காண்போரும் உள்ளனர். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, கண் சொட்டு மருந்து முதலான பலவற்றுக்கு முடிவு சொன்னபோதும், ஆஸ்துமாப் பம்ப் பற்றிய முடிவை மேலதிக ஆய்வுக்கென ஒத்திவைத்தது. இதில் நான் தீர்ப்புச் சொல்ல ஆளல்ல. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள்.

ஆனால் ஒரு வைத்தியனாக ஒன்று சொல்ல முடியும். தடுப்பு மருந்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே எழ வேண்டியதில்லை. அது நாளைக்கு இரண்டு வேளை. ஒன்றை ஸஹரில் எடுங்கள். மற்றதை நோன்பு துறந்தபின் எடுங்கள். எங்கள் நாட்டில் நோன்பு நேரம் ஏறக்குறைய பதினான்கு மணித்தியாலத்துக்குள் அடங்குகிறது. இடைவெளி பொருந்தி வருகிறது. எந்த மத்ஹபின் கருத்தை எடுத்தாலும் நோன்புக்குப் பாதகமில்லை. ஒழுங்காக எடுத்தால் பகலில் நீலப் பம்பு தேவைப்படாமலே பலர் முப்பது நோன்பையும் பிடிக்கிறார்கள். றமழானுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே கிளினிக்குக்குப் போய் நோயைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

பகலில் மூச்சு முட்டிவிட்டால் பொறுத்திருக்கக் கூடாது. உடனே மருந்தை எடுக்க வேண்டும். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகையைத் தந்தவன் அல்லாஹ். பகலெல்லாம் அடக்கியிருந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பத்து முறை அடிப்பது மார்க்கமுமல்ல, மருத்துவமுமல்ல.

மூக்கு, தோல், சாப்பாடு

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள். மூக்கைக் கவனிக்காமல் முட்டைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். நாள்பட்ட தும்மலுக்கும் அடைப்புக்கும் சிறந்த மருந்து மூக்கில் விசிறும் ஸ்டீரொயிட்தான். பிரிட்டோன் குளிசையை எங்கள் வீடுகளில் மிட்டாய்போலப் பாவிக்கிறார்கள். அது தூக்கம் தரும். படிக்கும் பிள்ளைக்கும் வாகனம் ஓட்டுபவருக்கும் உகந்ததல்ல. செட்டிரிசின், லொராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற பிந்திய மருந்துகள் மேல். எதுவானாலும் முட்டுக்கு அவை மருந்தல்ல. மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துகளை ஒரு வாரத்துக்கு மேல் பாவித்தால் அடைப்பு முன்பைவிட மோசமாகும்.

தூசி உண்ணிக்கு ஈரக்காற்று வேண்டும். எங்கள் தீவில் அது வருடம் முழுவதும் உண்டு. தலையணை உறை, விரிப்பு ஆகியவற்றை வாரமொரு முறை சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் ஊதுபத்தியும் ஒவ்வாமைப் பொருளல்ல. ஆனால் வீங்கிய குழாயை எரிக்கும் புகை. பச்சைப்பிள்ளை இருக்கும் அறையில் சாம்பிராணி போடுவதை விட்டுவிடுங்கள். வீட்டில் சிகரெட் பிடிக்கிறவர் இருந்தால் மேலே சொன்ன மருந்தெல்லாம் பாதிதான் பலிக்கும்.

சாப்பாட்டைப் பற்றி. முட்டுக்காரப் பிள்ளைக்கு வாழைப்பழம், தயிர், இளநீர், தக்காளி, அன்னாசி, முட்டை எல்லாம் “குளிர்” என்றும் “கிரந்தி” என்றும் நிறுத்தி, பிள்ளை எலும்பும் தோலுமாக வருவதைக் கண்டிருக்கிறேன். ஒரு சாப்பாடு ஒவ்வாது என்றால் பெரும்பாலும் தின்று சில நிமிடங்களுக்குள், அதிகம்போனால் இரண்டு மணித்தியாலத்துக்குள், ஒவ்வொரு தடவையும் தெரியும். அப்படித் தெரிந்ததை மட்டும் நிறுத்துங்கள். இறால், நண்டு ஒவ்வாமை உண்மையானது. தூசி உண்ணியிலும் இறாலிலும் ஒத்த புரதமொன்று இருப்பதால் இரண்டும் சிலருக்குச் சேர்ந்து வரும். ஆனால் பழுதுபட்ட சூரை மீனைத் தின்று முகம் சிவந்து தலையிடித்தால் அது ஒவ்வாமையல்ல. ஐஸ் போதாத மீனில் ஊறிய ஹிஸ்டமின் நஞ்சு. ஒரே சட்டியில் தின்ற பலருக்கும் ஒன்றாக வருவதே அடையாளம்.

சாப்பாடு, ஊசி மருந்து, குளவிக் கொட்டு இவற்றால் உடம்பெல்லாம் தடித்து, மூச்சடைத்து, மயக்கம் வந்தால் அது அனஃபிலக்சிஸ். அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. பிரிட்டோன் ஊசிக்கும் ஸ்டீரொயிட்டுக்கும் இடம் அதற்குப் பிறகுதான். ஆளைப் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, எழுந்து நடக்கவிடாமல் கொண்டுபோங்கள், மூச்சுமுட்டினால் உட்காரவைக்கலாம்.

ஒவ்வாமையின் வேருக்கே வைத்தியம் செய்யும் முயற்சியும் பழையது. 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் என்பவர் புல் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றி உடலைப் பழக்கினார். இன்று தூசி உண்ணிச் சாறு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையாகவும் வந்துள்ளது. மூன்று வருடமளவில் தொடர வேண்டும். முட்டு கட்டுக்குள் இருப்பவருக்கே பொருந்தும். எந்த மருந்துக்கும் அடங்காத கடும் ஆஸ்துமாவுக்கு உயிரியல் ஊசிகள் உள்ளன. ஐஜிஈயைப் பிடித்துக் கட்டும் ஒமலிசுமாப் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மெப்போலிசுமாப், டுபிலுமாப் என்பன பிறகு வந்தன. விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. ஆனால் கடும் ஆஸ்துமா என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு, முறை திருத்தி ஒழுங்காகப் பம்ப் எடுத்ததுமே அந்த ஊசிக்கான தேவை இல்லாமல் போய்விடுகிறது.

கருஞ்சீரகமும் தேனும் பற்றிக் கேட்காத நோயாளி இல்லை. ஹதீஸில் சிறப்பிக்கப்பட்டவை அவை. தாராளமாக எடுங்கள், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் மட்டும் கொடுக்காதீர்கள். கருஞ்சீரகம் பற்றிச் சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருவனவாக உள்ளன. அந்த ஆய்வுகளிலும் பம்ப்பை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்கவில்லை. பம்ப்போடு சேர்த்தே கொடுத்தார்கள்.

எப்போது ஓட வேண்டும்?

ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சுக் குழி உள்ளிழுத்தால், அடித்த மருந்தின் சுகம் நான்கு மணித்தியாலமும் நில்லாவிட்டால் வைத்தியசாலைக்குப் போகும் நேரம் அது. விசில் சத்தம் திடீரென்று நின்று பிள்ளை சோர்ந்தால் சுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகவில்லை என்பது அதன் அர்த்தமாக இருக்கலாம். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். வரும்வரை நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசரில் நீலப் பம்பை ஒவ்வொரு தடவையாக, ஒன்றுக்கு நாலைந்து மூச்சு விடவைத்து, பத்து தடவை வரை கொடுக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பையனை வீட்டுக்கு விட்டபோது, ஒரு கடதாசியில் ஸஹருக்கு ஒன்று, தராவீஹுக்கு முன் ஒன்று என்று எழிதிக் கொடுத்தேன். கெப்சூலைக் கருவியில் போட்டு இழுப்பதை என் முன்னால் மூன்று தடவை செய்வித்தேன். முதல் இரண்டு தடவையும் பிழை. அடுத்த றமழான் முடிந்து பெருநாள் கழிந்த வாரம் தாயும் மகனும் கிளினிக்குக்கு வந்தார்கள்.

“எத்தனை நோன்பு மகன்?” என்று கேட்டேன்.

“இருபத்தொம்பதும்” என்றான். பிறை இருபத்தொன்பதில் கண்ட வருடம் அது. உம்மா கைப்பையைத் திறந்து நீலப் பம்ப் ஒன்றை எடுத்துக் காட்டினார். குலுக்கிப் பார்த்தேன்; பாதிக்கு மேல் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன் வாங்கியதாம்.